ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹெரால்டு சாலைக்கு வரலாமா?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு, 948 சிசி இன்ஜின், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர் பிளேட். 1967-ல் தாத்தா வாங்கியது. அவர் காலமான 1989-லிருந்து மாட்டுக் கொட்டகையில் நின்றது. மூன்று வருஷமாக அப்பா, நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேரும் சேர்ந்து அதை மறுபடி ஓட வைத்திருக்கிறோம். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சாலையில் இல்லை. சித்தப்பாவின் அரிசி ஆலைக் களத்தில், நெல் காயப்போடாத நாட்களில், வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் நீங்கள் கொண்டுவந்த விண்டேஜ் விதிகளைப் பற்றித்தான் இந்த மடல். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி என்றாலே உடைத்துப் போட வேண்டியது என்ற பேச்சு பலமாக இருந்த நேரத்தில், 'இல்லை, சில வண்டிகள் காப்பாற்றப்பட வேண்டியவை' என்று அரசாங்கமே எழுதி வைத்தது பெரிய விஷயம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்ற கட்டணத்திலும் எங்களுக்குக் குறையில்லை. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்கள். அதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "நம்பர் போகாதா? அப்ப சரி" என்று எழுந்துபோய் அந்தப் பிளேட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு இடத்தில் மட்டும் விதி எங்களைத் தடுத்து நிறுத்துகிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் கேள்வி புரியாது.

தாத்தா எல்.ஐ.எம். என்ற இந்திய மருத்துவப் படிப்பு படித்த டாக்டர். ராத்திரியில் கூப்பிட்டாலும் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்தப் பக்கத்துத் தெருக்கள் குறுகல், வாய்க்கால் கரைப் பாதைகள் அதைவிடக் குறுகல். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பெரிய கார்கள் ரிவர்ஸ் எடுத்துத் தடுமாறும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பி வந்துவிடும் என்பதற்காகவே தாத்தா இதை வாங்கினாராம். நீளம் 13 அடிகூட இல்லை. பக்கத்தில் இன்றைய கார் எதையாவது நிறுத்தினால் குழந்தை போலத் தெரியும்.

2022-ல் கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அறை கட்டலாம் என்று முடிவு செய்தோம். பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். வைக்கோலை விலக்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "எண்ணூறு கிலோ தேறும்" என்றார். ஹெரால்டின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்பா ஒன்றும் பேசவில்லை. பானெட்டின் இரண்டு பக்கமும் கீழே ஒரு கொக்கி இருக்கும். இடப்பக்கத்தைத் திருப்பினார், திறந்தது. வலப்பக்கம் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு வைத்தார். மறுநாள் சாயங்காலம் அதுவும் திறந்தது. இரும்புக்காரருக்கு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வண்டியின் பானெட் மற்ற கார்களைப் போல மேலே தூக்கும் மூடி இல்லை. மட்கார்டு, விளக்கு, முன்முகம் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். சாய்த்துவிட்டால் இன்ஜினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு வலப்பக்க டயர்தான் நாற்காலி. பிளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அதன் இடைவெளி பார்ப்பது, பிளக் சுத்தம் செய்வது எல்லாம் அவள் வேலை. பள்ளியில் இயற்பியல் நடத்தும் என் மனைவி ஒயரிங் முழுவதையும் எடுத்துக்கொண்டார். எலி கடித்துப்போட்ட ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிறம் மாறாமல் புது ஒயர் வாங்கி, சமையலறைத் தரையில் பரப்பிவைத்துக் கட்டினார்.

ஒரு நாள் பிளக் ஒயரைத் துடைக்கிறேன் என்று பையன் நாலையும் கழற்றிவிட்டான். திரும்ப மாட்டும்போது வரிசை மாறிவிட்டது. ஸ்டார்ட்டர் போட்டதும் கார்புரேட்டர் வழியாக டப்பென்று வெடித்தது. பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். அப்பா திட்டவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் நாலு வட்டம் போட்டார். ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். இரண்டும் மூன்றும் அதே மாதிரி ஒரு ஜோடி. ஒரு ஜோடியில் ஒன்று வெடித்தால் அடுத்து மற்ற ஜோடியிலிருந்துதான் வெடிக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜின் சீராகச் சுற்றும். அதனால் இதற்கு 1-3-4-2. பையனையே வட்டத்துக்கு வட்டம் குதிக்கச் சொன்னார். பத்து வயசுப் பையன் ஒரு வாரம், "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனான். அப்பாவும் அவனும் அதற்கு முன் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எழுபதுகளில் ஹெரால்டு பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர், மெக்கானிக் வேலையை விட்டுப் பல வருஷம் ஆனவர், எங்களுக்காக வந்துபோனார். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டையைக் காட்டி, "இதுக்கு கிரீஸ் அடிக்கவே கூடாது, கியர் ஆயில்தான்" என்றார். கிரீஸ் அடித்தால் உள்ளே மரைக்குள் போகாமல் கட்டிபட்டு, திருகு இறுகி, ஒரு நாள் முறிந்து சக்கரமே மடங்கிவிடுமாம். எங்கள் வண்டியில் கழற்றிப் பார்த்தால் உள்ளே கல் மாதிரி கிரீஸ். இரண்டு பக்கமும் மாற்றினோம். இந்த ஒரு செய்தி அந்தப் பெரியவர் தலைமுறையோடு போயிருந்தால் எங்கள் வண்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன்.

விண்டேஜ் என்று பதிவு பெற வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றி அமைத்திருக்கக் கூடாது, சேஸிஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) பாடி ஷெல்லிலோ (மேற்கூடு) இன்ஜினிலோ மாற்றம் செய்தால் அது அந்தக் கணக்கில் வரும் என்கிறது விதி. நோக்கம் புரிகிறது. பழைய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு புது இன்ஜினும் புது பாடியும் மாட்டி ஏமாற்றுபவர்களைத் தடுக்க வேண்டும். தடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஹெரால்டு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆளில்லாமல் போகவே, புதுக் காருக்குத் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். டியூரினைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959-ல் அங்கே டிரயம்ப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. வண்டலூர் பக்கம் போகிறபோதெல்லாம் அப்பா, "நம்ம வண்டி பொறந்த ஊரு" என்பார்.

எங்கோ பாடி கிடைக்காமல் போன அந்தச் சங்கடம்தான் இன்று எங்களுக்குக் கைகொடுத்தது. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனித்தனியாக வந்துவிடுகிறது. ஊர்ப் பட்டறையிலேயே வேலை பார்க்க முடிகிறது. எங்கள் வண்டியில் தரைத் தகடு இரண்டு பக்கமும் மண்ணாக உதிர்ந்திருந்தது. சேஸிஸின் நடுத்தண்டு திடமாக இருந்தது, அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் மட்டும் அரித்துப்போயிருந்தன. மகள் சார்ட் பேப்பரில் அச்சு வெட்டிக் கொடுத்தாள். அதை வைத்து டிங்கர் அதே கனத் தகட்டில் அதே வளைவோடு வெட்டிப் பற்றவைத்தார். இன்ஜின் பிளாக்கில் தேய்ந்த சிலிண்டர்களைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற கொஞ்சம் பெரிய 'ஓவர்சைஸ்' பிஸ்டன் போட்டோம். தேய்ந்த இன்ஜினுக்கு ஐம்பது அறுபது வருஷமாக எல்லாரும் செய்வது அதுதான், கம்பெனி போட்ட சர்வீஸ் புத்தகமே அதற்கு அளவு சொல்கிறது. பாதி சாமான் புதுப்பேட்டையில் தேடிக் கிடைத்தது. கேஸ்கட்டும் ரப்பர்களும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும் என்று அதை மட்டும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றினோம்.

இப்போது சொல்லுங்கள், இது பழுதுபார்த்ததா, மாற்றியமைத்ததா? தரைத் தகடு பாடி ஷெல்லில் சேருமா? ஓவர்சைஸ் பிஸ்டன் இன்ஜின் மாற்றமா? எங்கள் பக்கத்து அலுவலகத்தில் இதைக் கேட்டபோது ஒருவர் ஆமாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், விதியில் தெளிவில்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள். இத்தனைக்கும் தாத்தா பெயரில் கையால் எழுதிய அந்த ஆர்.சி. புத்தகத்தை கம்ப்யூட்டரில் பேக்லாக் என்ட்ரி போடவே ஏழு மாதம் ஆகியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனையிலிருந்து 2018-ல் விலக்கு கொடுத்தபோது இதே பிரச்சினை வந்தது. பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு விலக்கு இல்லை என்றார்கள். ஆனால் கூடவே ஒன்றை எழுத்தில் சொல்லிவிட்டார்கள்: பழைய பாகம் எந்த அமைப்பில் இருந்ததோ அதே அமைப்பில் புதிதாகச் செய்து போட்டால் அது மாற்றம் ஆகாது. இப்படி ஒரே ஒரு வரி நம் விதியிலும் இருந்தால் போதும். அரித்த தகட்டை மாற்றியவர் பயந்துகொண்டே அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. சொல்லப்போனால், அந்த வரி இல்லாததால்தான் தப்பு நடக்கும். சேஸிஸ் கை அரித்திருந்தாலும் பெயின்ட் அடித்து மறைத்துக் கொண்டுவருபவர் தேறிவிடுவார், உள்ளபடி சரிசெய்தவர் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம்.

2020 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட வரைவில், கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ராலி என்ற பழைய வண்டிகளின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு என்று ஒரு பட்டியல் இருந்தது. இவற்றுக்கு மட்டும் வண்டி சாலைக்கு வரலாம் என்றது. அப்புறம் 2021 ஜூலை அறிவிப்பில், வழக்கமான பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது என்று சொன்னீர்கள். வணிகம் புரிகிறது. கல்யாண வாடகைக்கு விடக் கூடாது, சரி. வழக்கம் என்பது எங்கே தொடங்குகிறது? மாதம் ஒரு ஞாயிறு குலதெய்வக் கோயிலுக்குப் போவது வழக்கமா? பொங்கலன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவது வழக்கமா? நான் கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் வந்தது. "ராலின்னு ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போயிடுங்க சார்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். இல்லாத ராலிக்கு நான் கடிதம் வாங்க மாட்டேன். மூன்று வருஷம் பிள்ளைகள் முன்னால் ஒவ்வொரு போல்ட்டையும் நேர்மையாக மாட்டிவிட்டு, கடைசியில் ஒரு பொய்க் காகிதத்தோடு வண்டியை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய நகரத்தில், பத்துப் பதினைந்து கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி இடிக்காது. அவர்களுக்கு ராலி இருக்கிறது, கண்காட்சி இருக்கிறது, டிரக்கில் ஏற்றிக்கொண்டு போக வசதியும் இருக்கிறது. ஒரே ஒரு சின்ன வண்டியைக் கொட்டகையிலிருந்து மீட்ட குடும்பம் எந்த ராலிக்குப் போகும்? இந்த ஊரிலிருந்து சென்னைக்கு அதை ஓட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஊசலாடும் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் துள்ளும். அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். நெடுஞ்சாலை இந்த வண்டிக்கு ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். உள்ளூர்ப் பாதைதான் இதற்கு ஏற்றது. விதியோ தூரத்து ராலிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பக்கத்துக் கோயிலைச் சந்தேகத்தில் விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் நிறுத்தி வைத்தால் கெடும். பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் ஈரம் ஏறி இறுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கோணும். 33 வருஷம் நின்ற வண்டியைப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன், ஓடித் தேய்ந்த பாகம் கொஞ்சம், நின்று கெட்ட பாகம்தான் அதிகம். மாதம் இரண்டு முறை, இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு, கியரெல்லாம் மாற்றி, பிரேக்கெல்லாம் பிடித்து ஓட்டினால்தான் அது வண்டியாக இருக்கும். காப்பாற்றச் சொல்லும் விதி, காப்பாற்றும் வழியையும் விட்டுவைக்க வேண்டும் அல்லவா?

சாதாரண காராகவே புதுப்பித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வழியில் போனால் இது வெறும் வயசான வண்டி, சாலையை விட்டுப் போக வேண்டியது என்ற கணக்கில் சேர்ந்துவிடும். இது சென்னைக்காரத் தொழிலாளிகள் கையால் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலை எண்பதுகளின் கடைசியில் மூடிப்போனது. இனி ஒன்றுகூட வரப்போவதில்லை. இதைப் பாரம்பரியம் என்றுதான் பதிவு செய்ய ஆசைப்படுகிறோம்.

வார்த்தையைப் புதிதாகத் தேட வேண்டாம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா இருக்கிறது, 1966-லிருந்து இயங்குகிறது. அவர்கள் விளக்கப்படி 30 வருஷம் ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குச் சரியான நிலையில் காக்கப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'அன்றாடப் போக்குவரத்து' என்ற சொல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். தினம் ஆபீஸுக்கும் கடைக்கும் ஓட்டாதே, மற்றபடி ஓட்டு. நீங்களும் அப்படியே எழுதிவிடுங்கள். தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற கவலை இருந்தால் வருஷத்துக்கு 1,500 கிலோமீட்டர் என்று வரம்பு போடுங்கள், லாக் புக் எழுதச் சொல்லுங்கள், இருட்டிய பிறகு கூடாது என்று சொல்லுங்கள், உள்ளூர்ப் பாதையில் மட்டும் என்று சொல்லுங்கள். அத்தனையும் ஏற்றுக்கொள்கிறோம். லாக் புக்கை என் மகள் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டாள். களத்தில் சுற்றிய தூரம் இதுவரை 46 கிலோமீட்டர்.

போன மாதம் களத்தில் ஓட்டும்போது அம்மாவும் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஏழெட்டுச் சுற்று ஆனதும், "எத்தனை தடவைதான் இதே செவுத்தப் பாக்குறது, ரோட்டுக்குப் போங்களேன்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அப்பாவுக்கு 74 வயது. அவருடைய அக்கா, என் அத்தை, 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறார். 81 வயது. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு இந்த ஹெரால்டில்தான் வந்தார். வண்டி வாங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போது போன் செய்யும்போதெல்லாம், "எப்படா கொண்டாரப் போறீங்க?" என்று கேட்கிறார். வழி முழுக்க வாய்க்கால் கரைதான், இடையில் நெடுஞ்சாலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன் கிளம்பி, அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம்.

அந்தப் பயணத்துக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஹெரால்டு வீட்டார் ஐவருக்காகவும்